தோக்கியோத் தீர்ப்பும் மரணப் புகையிரதப் பாதையின் தொழிலாளரும்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் நூரென்பேர்க்கிலும் தோக்கியோவிலும் நிறுவப்பட்ட சர்வதேசப் படைத்துறை நியாயமன்றுகள் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுகின்றன. சர்வதேசச் சட்டம் அரசுகளையே கட்டுப்படுத்தும், தனிமனிதர் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு மாத்திரமே பொறுப்புடையவர் என்ற பழைய கோட்பாடு அவற்றின் தீர்ப்புகளாற் பெரிதும் தளர்ந்தது. அமைச்சராயினும் தளபதியாயினும் அரசின் பெயராற் செய்த கொடுமைக்குத் தாமே பதில் கூறவேண்டும் என்ற கொள்கை அப்பொழுதுதான் நடைமுறையில் உறுதிபெற்றது.

இவ்விரண்டனுள் தோக்கியோ நியாயமன்று பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. அது நீதியா, அல்லது வென்றவர் தோற்றவர்மீது தீர்த்துக்கொண்ட பழியா என்பதே அவ்வினா. யப்பானியப் பேரரசர் கிறோகித்தோ குற்றஞ்சாட்டப்படாமை, கிரோசிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டு வீசியோர் விசாரிக்கப்படாமை, உயிருள்ள மனிதர்மீது நோய்க்கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவினர் தமது ஆய்வுத் தகவல்களை அமெரிக்கருக்குக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டமை ஆகியன யாவும் இவ்விவாதத்தில் எடுத்துக்காட்டப்படுவன. இவ்விவாதம் அவசியமானதே. ஆயினும், இது எதிரிக் கூண்டில் நின்றவர் யார், நிற்காதவர் யார் என்பதையே நோக்குகின்றது. எவருடைய துன்பம் வழக்காயிற்று, எவருடையது ஆகவில்லை என்ற வினா இதனாற் பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. சயாம்-பர்மாப் புகையிரதப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு அவ்விரண்டாவது வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையும் அதனை அமைத்தோரும்

1942ஆம் ஆண்டின் முற்பகுதியில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவின் பெரும்பகுதியும் யப்பானியப் படையின் வசமாயின. பர்மாவில் நின்ற படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது நேசநாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தாயிற்று. எனவே தாய்லாந்தின் பான்பொங் பகுதியையும் பர்மாவின் தன்பியூசயாத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையொன்றை அமைக்க யப்பானியத் தலைமை முடிவுசெய்தது. மலையும் அடர்காடும் பெருமழையும் நிறைந்த அப்பிரதேசத்தில் 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வேலை தொடங்கிற்று. இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 ஒக்டோபரில் இணைந்தன. யந்திரங்கள் செய்திருக்கவேண்டிய வேலையை மனித உடல்களே செய்தன.

அவ்வுடல்கள் இருவகையினருடையன. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நெதர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த போர்க்கைதிகள் ஒருவகையினர். அவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்; அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். மற்றையோர் ஆசியத் தொழிலாளர். பர்மியர், தமிழர், மலாயர், சீனர், யாவானியர் எனப் பல இனத்தவரான இவர்களின் தொகை 1,80,000க்குக் குறையாது என்பது ஆராய்ச்சியாளர் பலரது மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 75,000 அளவினர். அவர்களுட் பெரும்பான்மையோர் இறப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழராவர்.

தோட்டத் தமிழர் ஏன் இவ்வளவு எளிதில் அகப்பட்டனர் என்பதற்கான விடையை யப்பானிய ஆட்சிக்கு முந்திய காலத்திலேயே தேடவேண்டும். ஐரோப்பியக் கம்பனிகள் தமிழகத்தின் வறிய கிராமங்களிலிருந்து முதலில் ஒப்பந்த முறையாலும் பின்னர்க் கங்காணி முறையாலும் திரட்டிய உழைப்பாளர் கூட்டம் அது. லயன் வீடுகளில், பெயர்ப்பதிவேட்டின் அடிப்படையில், தோட்ட நிருவாகத்தை முற்றாக நம்பி வாழ்ந்த கூட்டமுமாகும். போரினால் இறப்பர் ஏற்றுமதி நின்றதும் வேலையும் அரிசியும் இல்லாதொழிந்தன. ஐரோப்பியத் துரைமார் ஓடிப்போயினர். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற பதிவேடும் கிராணியும் கங்காணியும் எஞ்சினர். புதிய எசமானருக்கு வேண்டிய ஆட்கணக்கு ஆயத்தமாக இருந்தது. சில மாத வேலை, நாட்கூலி, உணவு என்ற வாக்குறுதிகளால் முதலிற் பலர் சேர்க்கப்பட்டனர். சென்றவர் திரும்பாதபோது வாக்குறுதி கட்டாயமாக மாறிற்று. ஒரு குடியேற்ற ஆட்சி அமைத்த உழைப்புப் பொறியை மற்றொன்று இயக்கிற்று எனலாம்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது போர்க்கைதிகளின் முகாம்களுக்கும் தொழிலாளர் முகாம்களுக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்பட்டது. கைதிகளிடம் படையமைப்பு இருந்தது. மருத்துவர் இருந்தனர், நீரைக் கொதிக்கவைத்தல், கழிவிடம் அமைத்தல் போன்ற விதிகளை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகள் இருந்தனர். இவ்வளவும் இருந்தும் அவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தொழிலாளரிடமோ இவற்றுள் ஒன்றும் இல்லை. சில இடங்களிற் குடும்பத்தோடு வந்த பெண்களும் குழந்தைகளும் அவர்களோடு இருந்தனர். அவர்களிடையே நேர்ந்த சாவு எண்ணப்படவுமில்லை. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கைதிகளான மருத்துவப் பணியாளர் சிலரைத் தொழிலாளர் முகாம்களுக்கு யப்பானியர் அனுப்பியபோது நிலைமை கைமீறிப் போயிருந்தது.

அக்காலச் சட்டம் கூறியது யாது?

தொழிலாளரைக் காக்கும் சட்டம் அன்று இருக்கவில்லை, ஆகவே நியாயமன்றைக் குறைகூறுதல் பொருந்தாது எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதம் ஓரளவுக்கே ஏற்புடையது. போர்க்கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. யப்பான் அதிற் கையொப்பமிட்டதாயினும் அதனை ஏற்புறுதி செய்யவில்லை. எனினும் வேண்டிய மாற்றங்களுடன் அதனைக் கைக்கொள்வதாக 1942இல் நேசநாடுகளுக்கு வாக்களித்திருந்தது. குடிமக்களுக்கு இத்தகைய தனி உடன்படிக்கை இருக்கவில்லை என்பது உண்மையே.

ஆயின், 1907ஆம் ஆண்டின் கேக் விதிகள் இருந்தன. கைப்பற்றப்பட்ட பிரதேசத்து மக்களின் உயிரை மதிக்கவேண்டும் என்றும், அங்கு நிற்கும் படையின் தேவைக்காகவன்றி அவர்களிடம் உழைப்பை அறவிடலாகாது என்றும் அவை கூறின. அவ்வுடன்படிக்கையை யப்பான் 1911இல் ஏற்புறுதி செய்திருந்தது. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1930ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்பு உடன்படிக்கையையும் அது 1932இல் ஏற்றுக்கொண்டது. எனினும், பின்னதன் வரலாறு கவனிக்கத்தக்கது. போர் முதலான அவசர நிலைகளுக்கு அது விலக்களித்தது. கட்டாய உழைப்பைக் குடியேற்ற நாடுகளிற் படிப்படியாகவே நீக்கினாற் போதும் எனவும் இடங்கொடுத்தது. ஏகாதிபத்திய வல்லரசுகள் தாம் ஆண்ட மக்களின் உழைப்புத் தொடர்பாகச் சட்டத்தை நெகிழ்வாகவே வைத்திருந்தன.

நூரென்பேர்க்குடன் ஒப்பிடும்போது இது மேலும் தெளிவாகும். கைப்பற்றிய பிரதேசத்து மக்களை அடிமை உழைப்புக்காக நாடுகடத்துவது போர்க்குற்றம் என நூரென்பேர்க் சாசனம் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. ஐரோப்பாவெங்குமிருந்து தொழிலாளரைச் செர்மனிக்குக் கொண்டுசென்ற செயலுக்குப் பொறுப்பாயிருந்த சவுக்கெல் தூக்கிலிடப்பட்டார். அவ்வுழைப்பைப் பயன்படுத்திய ஸ்பேர் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தோக்கியோச் சாசனமோ போர்க்குற்றத்தைப் போர்ச்சட்டங்களையும் வழக்கங்களையும் மீறுதல் என ஒரு வரியில் முடித்துக்கொண்டது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் அடிமைப்படுத்தல் அதிலும் இடம்பெற்றது. ஆயினும் அதனைத் தனிக்குற்றமாக வகுத்து ஆராயும் முயற்சி தோக்கியோவில் நடைபெறவில்லை. ஐரோப்பாவில் ஒரு பிரதான வழக்காகிய செயல் ஆசியாவிற் போர்க்கைதி வழக்கின் ஓரக்குறிப்பாகச் சுருங்கியது.

நியாயமன்றின் அமைப்பு

இச்சுருக்கத்துக்கான காரணம் நியாயமன்றின் அமைப்பிலேயே உள்ளது. தளபதி மக்கார்தரின் பிரகடனத்தால் 1946 சனவரி 19ஆம் நாள் தாபிக்கப்பட்ட இம்மன்று அவ்வாண்டு மே 3ஆம் நாள் விசாரணையைத் தொடங்கிற்று. பதினொரு நாடுகளின் நீதிபதிகள் அமர்ந்தனர். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் ஒன்றியம், சீனா, பிரான்சு, நெதர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் பிலிப்பைன்சும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

யப்பானியப் படை மிதித்த நிலப்பரப்பை மனத்திற்கொண்டு இப்பட்டியலை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மலாயாவுக்காகவும் பர்மாவுக்காகவும் பிரித்தானியாவும், இந்தோனேசியாவுக்காக நெதர்லாந்தும், இந்தோசீனாவுக்காகப் பிரான்சும் பேசின. முப்பத்தைந்து ஆண்டுகள் யப்பானின் கீழ் வாழ்ந்த கொரியாவுக்காகப் பேச எவருமில்லை. பர்மா 1948 சனவரியிற் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரிலேயே தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ஆயினும் பாதையின் ஒரு முனை கிடந்த அந்நாட்டுக்கு மன்றில் ஆசனம் இருக்கவில்லை. இந்தோனேசிய மக்களுக்காக மன்றிற் பேசிய நெதர்லாந்து அதே காலத்தில் அம்மக்களின் விடுதலைப் போரை ஆயுதத்தால் அடக்க முயன்றுகொண்டிருந்தது.

இருபத்தெட்டு எதிரிகளுள் இருவர் விசாரணைக் காலத்தில் இறந்தனர். ஒருவர் மனநலமற்றவர் என விலக்கப்பட்டார். எஞ்சிய இருபத்தைவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எழுவருக்கு மரணதண்டனை, பதினாறு பேருக்கு ஆயுட்சிறை, இருவருக்குக் குறிப்பிட்ட காலச் சிறை. 1948 திசெம்பர் 23ஆம் நாள் எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். ஆக்கிரமிப்புப் போர் என்ற குற்றத்துக்காக மாத்திரம் எவரும் தூக்கிலிடப்படவில்லை; எழுவரும் கைதிகளையும் குடிமக்களையும் கொடுமைப்படுத்தியமை தொடர்பான குற்றங்களுக்கும் ஆளானவர்கள்.

புகையிரதப் பாதை தீர்ப்பில் விரிவாகவே பேசப்படுகின்றது. போர்க்கைதிகளை அதிற் பயன்படுத்த ஆலோசனை கூறியமையும், அவர்களுக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் ஒழுங்கு செய்யாமையும் பிரதமராயிருந்த தோயோவுக்கு எதிரான முடிவுகளுள் அடங்கும். நிலைமையை அறிய 1943இல் அவர் ஓர் அதிகாரியை அனுப்பினார்; அதன் பயனாகப் படை நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டவர் ஒரு கம்பனித் தளபதி மாத்திரமே என்பதைத் தீர்ப்பு சுட்டிக்காட்டுகின்றது. தொழிலாளரைப் பற்றியும் அது கூறாமலில்லை. பொய் வாக்குறுதியாலும் பலவந்தத்தாலும் அவர்கள் திரட்டப்பட்டமையைக் குறிப்பிட்டு, ஏறத்தாழ 1,50,000 பேருட் குறைந்தது 60,000 பேர் இறந்தனர் எனப் பதிவுசெய்கின்றது.

எனவே மன்று அவர்களை அறியவில்லை எனக் கூறல் பொருந்தாது. இறந்த தொழிலாளர் தொகை இறந்த கைதிகள் தொகையிலும் பன்மடங்கு என்பது அதன் தீர்ப்பிலேயே உள்ளது. அவ்வாறிருந்தும், தோயோவுக்கு எதிரான முடிவின் மையத்தில் நிற்பவர் போர்க்கைதிகளே. தொழிலாளரின் சாவு கைதிகள் பட்ட துன்பத்தின் பின்னணியாக அமைந்தது.

சாட்சியமும் தண்டனையும்

கீழ்நிலை அதிகாரிகள் சிங்கப்பூரிற் பிரித்தானியப் படைத்துறை நீதிமன்றுகளால் விசாரிக்கப்பட்டனர். 7,000 கைதிகளைக் கொண்டிருந்து, அவர்களுள் 3,000க்கு மேற்பட்டோரை இழந்த ‘எவ்’ அணியின் வழக்கு அவற்றுட் குறிப்பிடத்தக்கது. தொழிலாளர் தொடர்பான வழக்குகளும் சில நடைபெற்றன. ஆயினும் பெரும்பாலானவை கைதிகளைப் பற்றியனவே.

இதனை இனப்பாகுபாடு என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. குற்றவியல் நடைமுறை எண்பிப்பை வேண்டுவது. இறந்தவர் யார், எந்நாளில், எம்முகாமில், யாருடைய கட்டளையால் என்பன நிறுவப்படல் வேண்டும். கைதிகள் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். இறந்தோரின் பெயரையும் எண்ணையும் புதைகுழியையும் குறித்துவைத்தனர். போர் முடிந்த சில வாரங்களுள் நேசப்படையின் குழுவொன்று பாதை நெடுகச் சென்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டறிந்தது. அந்த எலும்புகள் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத் ஆகிய மூன்று இடுகாடுகளிற் பெயர்க்கற்களோடு இன்று உறங்குகின்றன. தொழிலாளர் குவியலாகப் புதைக்கப்பட்டனர், பலர் எரிக்கப்பட்டனர், பலர் காட்டிற் கிடந்தழிந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து எழுத்துச் சாட்சியத்தை எதிர்பார்த்தது நீதிமுறை. தீர்ப்பு 60,000 எனக் கூறிய தொகையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் 90,000 வரை உயர்த்துகின்றனர். முப்பதினாயிரம் உயிர்கள் மதிப்பீடுகளின் இடைவெளியில் மறைந்துபோகக்கூடிய நிலை கைதிகளின் விடயத்தில் ஏற்படவில்லை.

குடியேற்ற நாட்டு மக்கள் இவ்வழக்குகளில் ஓரிடத்தில் மாத்திரம் தெளிவாகத் தோன்றினர். அது எதிரிக் கூண்டு. கைதிகளின் காவலராக யப்பானியர் சேர்த்த கொரிய இளைஞர் பலர் கைதிகளால் அடையாளங் காட்டப்பட்டனர். போர்க்குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்ட கொரியர் 148 பேர். அவர்களுள் 23 பேர் மரணதண்டனைக்குள்ளாயினர். அவர்கள் செய்த கொடுமை பொய்யன்று. ஆயினும், யப்பானின் குடிகள் என்பதாலேயே யப்பானியராகத் தண்டிக்கப்பட்ட அவர்கள் 1952இல் யப்பானியக் குடியுரிமையை இழந்தனர். குற்றம் நிகழ்ந்தபோது யப்பானியராயிருந்தமையால் தண்டனையைத் தொடர்ந்து அனுபவிக்கவேண்டும் என அவ்வாண்டிலேயே யப்பானிய உயர்நீதிமன்று தீர்த்தது. தண்டனைக்கு யப்பானியராகவும் ஓய்வூதியத்துக்கு அந்நியராகவும் அவர்கள் கொள்ளப்பட்டனர்.

நீதிபதி பாலின் மாறுபட்ட தீர்ப்பு

குடியேற்றவாதத்தை முன்வைத்துத் தோக்கியோ மன்றை விமர்சித்தோருள் முதன்மையானவர் இந்திய நீதிபதி ராதாவினோத பால். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட தமது தீர்ப்பில் எதிரிகள் அனைவரையும் அவர் விடுவித்தார். ஆக்கிரமிப்புப் போர் அன்று குற்றமாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை, பின்னர் ஆக்கிய சட்டத்தால் முன்னர்ச் செய்த செயலைத் தண்டிக்கலாகாது, ஆசியாவைப் போரால் வென்று ஆண்ட வல்லரசுகள் இக்குற்றச்சாட்டைக் கொண்டுவரத் தகுதியற்றவை என்பன அவரது வாதத்தின் சாரமாகும். ஏகாதிபத்தியத்தின் இரட்டை அளவுகோலை வெளிப்படுத்திய அளவில் அவரது தீர்ப்பு மதிக்கத்தக்கது.

ஆயினும், முற்போக்கு நோக்கில் இதனை ஆராய்வோர் அங்கேயே நின்றுவிடலாகாது. புகையிரதப் பாதையிற் கைதிகளைப் பயன்படுத்தியமை அரசின் செயல், அதற்காக அமைச்சரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது பாலின் நிலைப்பாடு. நாடுகளின் சமத்துவத்தை வற்புறுத்திய அவர் நாடற்றிருந்த கூலித் தொழிலாளியின் நிலையிலிருந்து வழக்கை நோக்கவில்லை. வென்ற அரசும் தோற்ற அரசும் சமமாக நடத்தப்படவேண்டும் என்ற கோரிக்கையால் அரசுகளுக்கிடையே நீதி ஏற்படலாம். அவ்விரு அரசுகளாலும் மாறிமாறி வேலைவாங்கப்பட்டவனுக்கு அது நீதியாகாது. யப்பானியத் தேசியவாதிகள் பின்னாளிற் பாலின் பெயரைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டமைக்கு இக்குறைபாடும் இடமளித்தது எனலாம்.

நட்டஈட்டின் அரசியல்

தண்டனையில் இடம்பெறாத தொழிலாளர் நட்டஈட்டிலும் இடம்பெறவில்லை. 1951 செத்தெம்பரிற் கைச்சாத்தான சன்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16ஆம் உறுப்புரை, நடுநிலை நாடுகளிலும் யப்பானின் நேசநாடுகளிலும் இருந்த யப்பானியச் சொத்துகளின் பெறுமதியைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் முன்னாட் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பகிர வகைசெய்தது. அதே பாதையில், அதே மழையில், அதே நோயால் மாண்ட தொழிலாளியின் விதவைக்கு அதிற் பங்கில்லை. பாதையையோ பிரித்தானியர் போர் முடிந்தபின் தாய்லாந்து அரசுக்கு விலைக்கு விற்றனர்.

எஞ்சிய உரிமைகளை அரசுகள் தாமே கைவிட்டன. அம்மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தன, விமானத் தாக்குதலாலும் போர்க்கால இறப்பர் மரங்களை அளவுமீறி வெட்டிப் பாலெடுத்ததாலும் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பைக் குறிப்பிட்டபின், நட்டஈடு கோரப்போவதில்லை என அறிவித்தார். பெருந்தன்மையான செயலாகப் போற்றப்பட்ட அவ்வறிவிப்பு இலங்கையின் இழப்புப் பற்றியது. மலாயாத் தொழிலாளரின் விடயமோ வேறு. அவர்களை ஆண்ட பிரித்தானியா அவ்வுடன்படிக்கையால் உரிமைகோரலைக் கைவிட்டது. அவர்களின் பூர்வீக நாடான இந்தியா மாநாட்டிற் கலந்துகொள்ளாது, 1952 யூனிற் செய்த தனி உடன்படிக்கையாற் கைவிட்டது. அவர்கள் வாழ்ந்த மலேசியா 1967இல் 250 இலட்சம் வெள்ளி பெறுமதியான உதவியை, இரு கப்பல்களின் வடிவில், ஏற்றுக் கணக்கை முடித்துக்கொண்டது. மூன்று அரசுகளும் முடிவுசெய்தன. பாதையிலிருந்து உயிரோடு மீண்டவரை எவரும் கேட்கவில்லை.

பிற்காலச் சட்ட வளர்ச்சி

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, கைப்பற்றப்பட்ட பிரதேசத்துக் குடிமக்களுக்கு முதன்முதலில் விரிவான தனிப் பாதுகாப்பை அளித்தது. 1998இல் ஏற்கப்பட்டு 2002 யூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த றோம் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. அடிமைப்படுத்தல் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாகத் தெளிவாக வரையறுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் தம் கருத்தை மன்றில் முன்வைக்கவும் நட்டஈடு பெறவும் உரிமை பெற்றனர். கொங்கோவின் கதங்கா வழக்கில் 2017இல் 297 பேருக்குத் தலா 250 டொலர் அடையாள நட்டஈடாக விதிக்கப்பட்டது. தொகை சிறிது, ஆயினும் பாதிக்கப்பட்டவரைப் பெயர் பெயராக எண்ணும் நீதிமுறையொன்று உருவாகியுள்ளது என்பது தோக்கியோவோடு ஒப்பிடும்போது பெருமாற்றமே.

எனினும், அரசின் வாயிலாகவே நீதியை அணுகவேண்டிய நிலை மாறிவிடவில்லை. அம்மன்றின் நியாயாதிக்கம் பொதுவாக உறுப்பு நாடுகளின் இசைவிலோ ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் ஆணையிலோ தங்கியுள்ளது. புகையிரதப் பாதையோடு தொடர்புடைய நாடுகளையே எடுத்துக்கொள்வோம். யப்பான் 2007இல் உறுப்பு நாடாயிற்று. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நெதர்லாந்து ஆகியனவும் உறுப்பு நாடுகளே. பாதை கிடந்த தாய்லாந்தும் மியன்மாரும், தொழிலாளரை அனுப்பிய இந்தோனேசியாவும், அவர்களுட் பலரின் பூர்வீகமான இந்தியாவும் சேரவில்லை. மலேசியா 2019இற் சேர்வதாக அறிவித்து இரு மாதங்களுள் அதனை மீளப் பெற்றுக்கொண்டது. இலங்கையும் உறுப்பு நாடன்று. அன்று குடியேற்ற ஆட்சி அடைத்த வாயிலை இன்று சுதந்திர அரசுகள் தம் இறைமையின் பெயரால் அடைத்து வைத்துள்ளன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தோக்கியோ நியாயமன்றின் குறைபாட்டை வென்றவரின் பழியுணர்ச்சி என்ற அளவில் விளக்கிவிட முடியாது என்பது தெளிவாகும். ஆளும் அரசின் ஊடாகவன்றி மனிதரைக் காணத் தெரியாத சட்டமொன்று, தமக்கென அரசில்லாத மக்களின் சாவை எதிர்கொண்டபோது தடுமாறிற்று. படைவீரனுக்கு ஓர் அரசு இருந்தது. அவ்வரசு அவனது பெயரையும் குழியையும் வழக்கையும் தேடிற்று. கூலித் தொழிலாளிக்கு எசமானரே இருந்தனர்.

அத்தொழிலாளரின் சாட்சியம் முற்றாக அழிந்துவிடவில்லை. மீண்டவர்கள் தோட்டங்களிற் கூறிய கதைகளிலும், சண்முகம், அ. ரெங்கசாமி முதலிய மலேசிய எழுத்தாளரின் நாவல்களிலும் அது தங்கியுள்ளது. நீதிமன்று கேளாத சாட்சியத்தை வரலாற்றாசிரியன் கேட்கலாம். முகாம் பெயர்களையும் தோட்டப் பதிவேடுகளையும் வாய்மொழிச் செய்திகளையும் ஒப்புநோக்கி இறந்தோரின் பெயர்ப்பட்டியலை இயன்ற அளவு மீட்டமைத்தல் நமது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். குற்றவாளிகள் எவரும் இன்று உயிரோடில்லை. ஆகவே தண்டனைக்கு அது உதவாது. தீர்ப்பில் ஓர் எண்ணாக நின்றுவிட்டவர்களைப் பெயருடைய மனிதராக்க அது உதவும்.